‘பெரிசா ஒண்டுமில்லை மச்சான்’: பட்டதாரிகளின் நிலவர அறிக்கைகள் பற்றி, வெள்ளவத்தை - கொட்டாஞ்சேனைத் தரவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் சிற்றிலக்கியங்கள் தொண்ணூற்றாறு என்று சொல்லிவிட்டுப் பழைய புலவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். தொண்ணூற்றேழாவது ஒன்று காலி வீதியின் இரு மருங்கிலும் உள்ள தொடர்மாடிகளில் தினமும் இயற்றப்பட்டு வருவதை எந்தத் தமிழ்த்துறையும் இன்னும் கண்டுகொள்ளவில்லை. கம்பஸை விட்டு முப்பது, நாற்பது வருடம் கழிந்தபின் ஒருவர் தம் தொழிலையும் குடும்பத்தையும் பற்றிச் சகபாடிகளுக்கு எழுதி அனுப்பும் பனுவல் அது. வழக்குப் பெயர் ‘அப்டேட்’. ஒன்றுகூடல் மலருக்கு எழுதப்படுவது நெடும்பாட்டு. வட்ஸ்அப் குழுவில் வந்து விழுவது குறும்பாட்டு. காப்பும் அவையடக்கமும் இரண்டுக்கும் பொது. காப்பு: ‘கடவுள் புண்ணியத்திலை’. அவையடக்கம்: ‘பெரிசா ஒண்டுமில்லை மச்சான்’. இந்த அவையடக்கத்துக்குப் பின்னால் வருவது தவறாமல் பெரிசாகவே இருக்கும் என்பது இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு.

ஆய்வுக்களமாக வெள்ளவத்தை தெரிவானதற்கு விளக்கம் தேவையில்லை. ஸ்காபரோவிலிருந்தும் ஹரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வரும் சகபாடி யாழ்ப்பாணம் போகுமுன்னும் போய்வந்த பின்னும் தங்குமிடம் அது. கொட்டாஞ்சேனை எதற்கு என்று கேட்கலாம். எந்த ஆய்வுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து கொடுக்கப்படாத ஒரு குழு வேண்டும். இரண்டு ஊருக்கும் இடையே 155ஆம் இலக்க பஸ் ஓடுவதால் களப்பணிச் செலவும் அதிகமில்லை.

முதலில் ‘பட்ச்’ என்றால் யார் என்று வரையறுக்க வேண்டும். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கி, 1952இல் பேராதனைக்கு நகர்ந்த காலத்தில் இதில் சிக்கலில்லை. ஒன்றாக உள்ளே போனவர்கள் ஒன்றாக வெளியே வந்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில், ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில், வளாகங்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. நாலு வருடப் படிப்பு ஆறேழு வருடம் இழுபட்டது. ஆகவே பட்டம் பெற்ற ஆண்டு அளவுகோலாகாது. ஒரே வாரத்தில் ஒரே சீனியரிடம் பகிடிவதை வாங்கியவர்களே ஒரு பட்ச் என்பதுதான் நின்று பிடிக்கும் வரையறை. 1998இல் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் வந்ததே, அதற்குப் பின்னான பட்ச்களுக்குப் புது வரையறை வேண்டாமா என்று கேட்கக்கூடும். வேண்டியிருந்திருக்க வேண்டும். சட்டம் போட்டவர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள்.

மூத்த பட்ச்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. 1971இல் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவ பீடத்துக்குப் போக 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 வேண்டியிருந்தது. சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 போதும். அந்தக் காலத்துக்காரர் கல்யாண நாளை மறந்தாலும் இந்த இரண்டு எண்களை மறப்பதில்லை. ஒரு சில புள்ளியில் மருத்துவத்தைத் தவறவிட்டவர் கணக்காளராகி, சாம்பியாவுக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போய், வீட்டுக்கு மேல் வீடு வாங்கியிருப்பார். ஆனாலும் அவருடைய அப்டேட்டின் மூன்றாவது வரியில் ‘மகள் மெடிசின்’ என்று இருக்கும். குறைந்த புள்ளிகள் அடுத்த தலைமுறையில் வட்டியோடு கட்டித் தீர்க்கப்படுகின்றன. இதை அறியாமல் அந்த மூன்றாவது வரியைத் தற்பெருமை என்று வாசிப்பவர் வரலாறு தெரியாதவர்.

இவ்வகைப் பனுவலின் தோற்றம் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்தார், இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். ஆக முழு பட்ச்சும் இரண்டு பேர். குழு நிர்வாகி தேவையில்லை. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் தனிக்குழு தொடங்கவும் வழியில்லை. விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணிதம் எழுதியவர். தாமோதரம்பிள்ளையோ பட்டம் பெற்று மூன்று தசாப்தம் ஆகுமுன், 1885இல், தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தார். தமிழ்ப் பட்டதாரி ஒருவர் உலகத்துக்குக் கொடுத்த முதற்பெரும் அப்டேட் அதுதான் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. அதில் எத்தனை அறை வீடு என்ற தகவல் இல்லை.

பிறநாட்டு மரபும் உண்டு. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தார் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பட்ச்காரரின் அப்டேட்டுகளைத் திரட்டிச் செந்நிற அட்டைப் புத்தகமாகப் போடுகிறார்கள். 1938இல் தங்கள் மாணவர் சிலரைப் பிடித்து வைத்து, அவர்கள் கிழவராகும்வரை உடம்பையும் குடும்பத்தையும் விசாரித்து ஓர் ஆய்வும் நடத்தினார்கள். நல்ல உறவுகள் வாய்த்தவர்களே நன்றாக மூப்படைந்தார்கள் என்பது அதில் கிடைத்த முடிவு. வெள்ளவத்தைச் சந்தையில் வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும் எந்த மாமியைக் கேட்டிருந்தாலும் இதை ஓசியில் சொல்லியிருப்பார்.

இனி இலக்கணம். தன்னைத் தானே புகழலாமா என்ற கேள்விக்குப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலேயே விடை சொல்லிவிட்டார். புலவனுக்கு நாலு இடத்தில் அனுமதி: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் இருக்கும்போது, சபையில் வாதாடி வெல்லும்போது, எதிரி பழிக்கும்போது. இவற்றுள் எது அப்டேட்டுக்குப் பொருந்தும்? இரண்டாவது நிச்சயமாக இல்லை. பட்ச்காரரைப் போல நம் ஆற்றலைத் துல்லியமாக அறிந்தவர் பூமியில் எவருமில்லை. யாருடைய டியூட்டோரியலை யார் பார்த்தெழுதினார், எந்தப் பாடத்தை எத்தனையாம் தரம் எடுத்தார், ஹில்டா ஒபேசேகர விடுதியின் வாசலில் யார் கடிதத்தோடு நின்று யார் வாங்க மறுத்தார் என்பதெல்லாம் அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது. அவர்களிடம் போய் ‘டிரெக்டர்’ என்று சொல்வது பவணந்தியின் விதிக்கு நேரே முரண். இருந்தும் சொல்கிறார்கள் என்றால் மீதி மூன்றையும் சோதிக்க வேண்டும். சோதித்ததில் நாலாவதே தேறியது. பெரும்பாலான அப்டேட்டுகள் யாரோ முப்பத்தைந்து வருடத்துக்கு முன் கன்டீனில் சொன்ன ஒரு வாக்கியத்துக்கான பதில். சொன்னவர் மறந்துவிட்டார், பதில் இப்போதுதான் தயாராகியிருக்கிறது.

தாமோதரம்பிள்ளை அச்சேற்றிய அதே பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றொரு பகுதி இருக்கிறது. பெருமிதம் என்ற மெய்ப்பாடு கல்வி, தறுகண், இசைமை, கொடை என்ற நாலிலிருந்து பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். கனடா அப்டேட் ஒன்றை எடுத்து இந்த நாலையும் வைத்துப் பிரித்துப் பார்த்தால் மிச்சம் எதுவும் வராது. கல்வி என்பது பிள்ளைகளுடையது. தன்னுடையது கணக்கில் வராது. தறுகண்மையாவது பனிக்காலத்தில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டியதும், இருபத்தைந்து வருட வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டி முடித்ததும். இசைமைக்குப் பழைய மாணவர் சங்கத் தலைவர் பதவி, கோயில் அறங்காவலர் பதவி. கொடை என்பது ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுத்த வகுப்பறை. அதன் வாசலில் பதித்த பெயர்க்கல்லின் படம் தனியாக வரும். தொல்காப்பியருக்கு ஸ்காபரோ தெரிந்திருக்கிறது.

ஆனால் அப்டேட்டின் வாக்கிய அமைப்பு தொல்காப்பியத்திலிருந்து வரவில்லை. இங்கேதான் இவ்வாய்வு தன் பிரதான முடிபுக்கு வருகிறது. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. அன்றிலிருந்து நாம் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் வாசிப்பது மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். இன்ன பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். இன்னாரின் அன்புக் கணவர். இன்னார் (லண்டன்), இன்னார் (மெல்பேர்ண்), இன்னார் (நோர்வே) ஆகியோரின் பாசமிகு தந்தை. ஊர், தொழில், துணை, பிள்ளைகள், அடைப்புக்குறிக்குள் நாடுகள். இந்த வரிசை நம் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. அறுபது வயதில் ஒருவர் ‘என்னைப் பற்றி’ என்று எழுத உட்கார்ந்தால் கை தானாக அந்த அச்சுக்குள் போய்விடுகிறது. தகனக்கிரியை நேரம் மட்டும் விடுபட்டிருக்கும். ஆளே உயிரோடிருந்து எழுதுவதால் ஒரு வசதி: பேரப்பிள்ளைகளின் பெயரில் எழுத்துப்பிழை வராது.

அடுத்தது எழுவாய் பெயரும் விதி. பத்தாவது வருட அப்டேட்டில் வாக்கியங்களின் எழுவாய் ‘நான்’: நான் புரமோஷன் எடுத்தேன், நான் அபுதாபி போனேன். இருபதாவது வருடம் ‘நாங்கள்’ வருகிறது: நாங்கள் வீடு வாங்கினோம். முப்பதில் ‘மூத்தவன்’, ‘இளையவள்’. நாற்பதில் பேத்தி, அவள் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்கிறாள். ஐம்பதாவது வருடத்தை எட்டிய பட்ச்களில் எழுவாய் பெரும்பாலும் ‘டொக்டர்’. டொக்டர் நடக்கச் சொல்கிறார், டொக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார். எழுதுகிறவர் தன் சொந்த வாக்கியத்தில் எழுவாயாக இருந்த காலம் ஆகக் கூடினால் பதினைந்து வருடம்.

பெண்களின் அப்டேட்டுகளில் இந்த விதி இன்னும் கடுமை. அங்கே ‘நான்’ தொடக்கத்திலேயே இல்லை. பட்ச்சில் முதல் வகுப்பில் தேறியவர் என்று எல்லாருக்கும் தெரிந்த ஒருவருடைய அப்டேட், கணவரின் வேலையில் தொடங்கி மகனின் வேலையில் முடிந்தது. இடையில் தான் இருபத்தெட்டு வருடம் கணிதம் கற்பித்ததை ‘நானும் டீச்சிங்’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். பெண்களுக்குத் தனிக்குழு ஒன்று இருக்கிறது என்றும், உண்மையான அப்டேட்டுகள் அங்கேதான் வருகின்றன என்றும் நம்பகமான தகவல். அத்தரவுகளைப் பார்வையிட இவ்வாய்வாளருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதே பட்ச்சைச் சேர்ந்த மனைவி, போனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஏன் என்று கேட்டால் ‘ஒண்டுமில்லையப்பா’ என்கிறார்.

கொட்டாஞ்சேனைக்கு வருவோம். ஜம்பட்டா வீதிப் பக்கம் இருக்கும் தகவலாளர் ஒருவர் துறைமுகத்துக்குக் கிட்டவே ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் சேர்ந்து அதிலேயே ஓய்வுபெற்றவர். குழு தொடங்கிய நாளில் எல்லாரும் பந்தி பந்தியாக எழுத, அவர் எழுதியது: ‘இருக்கிறம்.’ கொழும்பிலிருந்து தூரம் கூடக் கூட அப்டேட் நீளும் என்ற தூரவிதி இதிலிருந்துதான் பெறப்பட்டது. போனவருக்குத்தான் போனதற்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. இருந்தவரை ஏன் இருந்தாய் என்று யாரும் எழுத்தில் கேட்பதில்லை. நேரில் வரும்போது ரோல்ஸைக் கடித்துக்கொண்டு கேட்பார்கள். குறும்பாட்டு அந்த ஊருக்கு இயல்பு என்றும் சொல்லிவிட முடியாது. தகப்பனார் பொன்னம்பல முதலியார் எடுப்பித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை சேர் பொன். இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டியது அங்கேதான். குடும்ப நிலவரத்தை அதைவிட நெடிதாக எழுதியவர் இன்றுவரை இல்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அன்று குழுவில் கேள்விகள் மட்டுமே வந்தன. படமில்லை, முன்னேற்றச் செய்தியில்லை. கொட்டாஞ்சேனைத் தகவலாளர் மாலையில் ‘நாங்கள் ஓகே’ என்று போட்டார். இத்தொகுப்பில் எல்லாராலும் வாசிக்கப்பட்ட ஒரே அப்டேட் அது. 2022இலும் இங்குள்ளவர்களிடம் அங்குள்ளவர்கள் விபரம் கேட்டார்கள். மார்ச் மாதக் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. பெற்றோல் வரிசை காலி வீதியில் வளைந்து வளைந்து போனது. ‘கரண்ட் வந்திட்டுது’ என்பது அந்த நாட்களில் முழுமையான, பெருமிதமுள்ள ஓர் அப்டேட்டாகக் கருதப்பட்டது.

தரவு இல்லாத இடங்களையும் ஆய்வாளன் பதிய வேண்டும். மூத்தவனைப் பற்றி ஒரு வரியும் இளையவளைப் பற்றி ஏழு வரியும் இருந்தால் மூத்தவனைப் பற்றிக் கேட்கக் கூடாது. இதை எல்லாரும் சொல்லாமலே அறிந்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்து குழுவில் இலக்கம் இல்லாதவர்களும் உண்டு. 1983 ஜூலைக்குப் பின் வளாகத்துக்குத் திரும்பாதவர்கள், திரும்பி வந்து இடையில் போனவர்கள், எங்கே போனார்கள் என்று அவர்களின் அறைத்தோழருக்கே தெரியாதவர்கள். மலரின் பின்பக்கத்தில் அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கப்படும். மாணவர் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போடுவதால் வழுக்கையும் தொந்தியுமாக உள்ள மற்றப் பக்கங்களுக்கு நடுவில் அவர்களுக்கு மட்டும் இருபத்திரண்டு வயது. இப்பகுதிக்கு வகைப்பாடு எதுவும் முன்மொழியப்படவில்லை.

கள ஆய்வின் அடுத்த கட்டம் வரவிருக்கும் ஒன்றுகூடலில் நடைபெற வேண்டியது. இடம் வெள்ளவத்தை என்பதில் கருத்து வேறுபாடில்லை; மத்தியான சாப்பாட்டில் மரக்கறிக்குத் தனி மேசை என்பதிலும் இல்லை. திகதியில்தான் பிரச்சினை. லண்டனும் கனடாவும் ஓகஸ்ட் என்கின்றன: பள்ளிக்கூட விடுமுறை, நல்லூர்த் திருவிழா, முடிந்தால் கொழும்பில் ஆடிவேலும் பார்க்கலாம். அவுஸ்திரேலியா டிசெம்பர்தான் என்று நிற்கிறது: அவர்களுடைய நீண்ட விடுமுறை அப்போதுதான். இதே வாதம் இதே காரணங்களோடு கால் நூற்றாண்டுக்கு முன்னும் நடந்திருக்கிறது. அப்போது விடுமுறை பிள்ளைகளுடையது, இப்போது பேரப்பிள்ளைகளுடையது. கொட்டாஞ்சேனை எந்த மாதமும் சரி என்கிறது. குழு நிர்வாகி வாக்கெடுப்பு வைத்தார்; பாதிப் பேர் இரண்டுக்கும் வாக்களித்துவிட்டார்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை.