ஆங்கிலத் தேர் எங்கே நிற்கிறது?

திருவாரூர்த் தேர் அலங்காரத்தோடு 96 அடி. அதை அசைப்பது பெரும்பாடு. ஆனாலும் வீதி சுற்றி முடித்தால் நிலைக்கு வந்துவிடும். இவ்வாய்வு எடுத்துக்கொண்டது நிலைக்கே வராத இன்னொரு தேரை: ஆங்கிலத்தில் ‘அங்கே’ என்று பொருள்படும் தேர்.

ஹியர் என்றால் இங்கே, தேர் என்றால் அங்கே என்று பள்ளியில் உருப்போட்டோம். அடுத்த பாடத்திலேயே ‘தேர் இஸ் எ ட்ரீ’ வந்தது. ‘அங்கே ஒரு மரம் இருக்கிறது’ என்று எழுதினேன். வாத்தியார் ‘அங்கே’யை அடித்து அரை மார்க் குறைத்தார்.

“அங்கேன்னா எங்கேடா?”

இன்றுவரை ஆய்வுலகைக் குடையும் வினா அது. அந்தத் தேர் எந்த இடத்தையும் காட்டுவதில்லை. எழுவாய் இருக்கை காலியாகக் கிடந்தால் ஆங்கிலத்துக்குப் பொறுக்காது. பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல ஒரு தேரைப் போட்டு வைக்கிறது. உண்மையிலேயே மரத்தைச் சுட்ட வேண்டுமானால் கடைசியில் இன்னொரு தேர் பூட்ட வேண்டும்: ‘தேர் இஸ் எ ட்ரீ தேர்.’ மரம் நம் காலடியிலேயே இருந்தால்? ‘தேர் இஸ் எ ட்ரீ ஹியர்.’ அங்கே ஒரு மரம் இங்கே! டென்மார்க்கின் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924-இல் வெளிவந்த தம் இலக்கணத் தத்துவ நூலில் இந்த வெற்றுத் தேரை, இடம் சுட்டும் தேரிலிருந்து பிரித்துக் காட்டினார். உச்சரிப்பிலும் இது நோஞ்சான், அழுத்தமே விழாது. நமக்கோ ‘மரம் இருக்கு’ என்றாலே வேலை முடிந்தது.

குழந்தை விழுந்தால் நம் பாட்டி தரையை நாலு அடி அடிப்பாள். குற்றவாளி யார் என்பதில் குழப்பமில்லை. ஆங்கிலப் பாட்டி முதுகைத் தடவி ‘தேர், தேர்’ என்பாள். எங்கே என்று குழந்தையும் கேட்பதில்லை.

தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது. ‘உ’வை நாம் தொலைத்தோம், யாழ்ப்பாணத்தார் ‘உது’, ‘உங்க’ என்று காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கும் யாண்டர் என்று மூன்றாவது சுட்டு உண்டு. அது இப்போது பாட்டிலும் வட்டார வழக்கிலும்தான் பிழைக்கிறது. ஆக, யாண்டரின் வேலையும் தேர் தலையில்தான். பத்திரங்களில் வரும் தேராஃப், தேர்பை முதலிய குட்டித் தேர்களை நான் தொடவில்லை. அவற்றுக்கு வக்கீல் ஃபீஸ் உண்டு.

தொலைபேசியில் ‘ஆர் யூ தேர்?’ என்று கேட்டவரிடம் ஒருமுறை ‘நோ, ஐ ஆம் ஹியர்’ என்றேன். கள ஆய்வு அத்துடன் துண்டிக்கப்பட்டது.

வாத்தியார் அடித்தது சரியே. ஆனால் அகராதி இன்றும் ‘அங்கே’ என்றுதான் சொல்கிறது. பார்த்து, அந்த அரை மார்க்கைப் போட்டுக் கொடுங்கள்.