எத்தனை பக்கம், தம்பி?

(லண்டனில் ஒரு முன்னறை. மாமா ஓய்வுபெற்ற பஸ் சாரதி; பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மருமகன் ஏதோ ஒரு நகரசபைக்குச் 'சிறுவர் நலனும் சுறுசுறுப்பும்' பற்றி ஆலோசனை சொல்பவர். தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் கால்பந்து. றெக்கோட்டில் சத்தமாகப் புறோகிறசிவ் றொக்.)

மருமகன்: மாமா, குறை நினைக்காதேங்கோ. நான் சப்பாத்துக் கழட்டேக்கை தொடங்கின பாட்டு. தேத்தண்ணி குடிச்சு, வடையும் திண்டு முடிஞ்சுது. இது இன்னும் முடியேல்லை.

மாமா: முடியிறதோ? இப்பதான் முதல் பக்கம் முடியப் போகுது. றெக்கோட்டைத் திருப்பிப் போட்டால் மிச்சம்.

மருமகன்: மிச்சமும் இதே பாட்டோ?

மாமா: இதே பாட்டுத்தான். ஜெத்ரோ டல் குழு, 1972. 'திக் ஆஸ் எ பிறிக்'. ரெண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிசத்துக்கு மேலை.

மருமகன்: இந்தக் காலத்திலை ஆருக்கு மாமா உவ்வளவு பொறுமை? முதல் கொஞ்ச செக்கனுக்குள்ளை ஆளைப் பிடிக்காட்டி, சனம் விரலாலை தள்ளிப்போட்டுப் போயிடும். நாங்கள் அதைப் பற்றி ஒரு அறிக்கையே எழுதியிருக்கிறம்.

மாமா: எத்தனை பக்கம்?

மருமகன்: 412. பின்னிணைப்பைச் சேர்க்காமல்.

மாமா: சனத்துக்குப் பொறுமையில்லை எண்டு சொல்ல 412 பக்கம்! எங்கடை ஆக்கள் ரெண்டு பக்கத்தோடை நிப்பாட்டினவை தம்பி. அதுக்கே விமர்சகர்மார் ஊதிப்பெருத்த இசை எண்டு திட்டினவை.

மருமகன்: திட்டினதிலை என்ன பிழை? யெஸ் குழு 1973இலை ரெண்டு றெக்கோட்டுக்கு நாலே நாலு பாட்டுப் போட்டவை. அதை மேடையிலை வாசிக்கேக்கை, கீபோர்ட் வாசிக்கிற றிக் வேக்மன் அலுத்துப்போய் அங்கையே இருந்து கறி சாப்பிட்டவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.

மாமா: ஓம், மான்செஸ்டரிலை. நேர்மையான மனிசன். அலுத்துது, சாப்பிட்டார், அடுத்த வருசம் குழுவை விட்டே போட்டார். உன்ரை கூட்டங்களிலை சான்ட்விச் குடுக்கிறவையோ?

மருமகன்: குடுப்பினம்.

மாமா: அலுத்துப்போய் ஆராவது விட்டுப் போனதுண்டோ?

மருமகன்: (யோசித்து) இல்லை. சாப்பிட்டு முடிய அடுத்த கூட்டத்துக்குத் திகதி குறிப்பம்.

மாமா: அப்ப ஆர் தம்பி ஊதிப்பெருத்தது?

மருமகன்: இசை வேறை, நிர்வாகம் வேறை மாமா. நிர்வாகத்திலை எல்லாற்றை குரலையும் உள்வாங்க வேணும்.

மாமா: உந்த றெக்கோட் உறையை எடுத்துப் பார்.

மருமகன்: பேப்பர் மாதிரி இருக்கு.

மாமா: பன்னிரண்டு பக்கப் பேப்பரேதான். முழுக்கக் கற்பனைச் செய்தி. எட்டு வயசுப் பெடியன் ஒருத்தன் கவிதை எழுதிப் பரிசு வாங்கிறான். பேந்து முறைப்பாடு குவியுது. நடுவர்மார் ஓடிவந்து கூடிப் பரிசைப் பறிச்சுப் போடுகினம். முந்தின றெக்கோட்டை விமர்சகர்மார் ஏதோ பெரிய தத்துவம் எண்டு தூக்கிவைச்ச எரிச்சலிலை, குழுவின்ரை பாடகர் இயன் அன்டர்சன் கேலிக்குச் செய்த வேலை இது. கேலி எண்டு விளங்காமலே கனபேர் வாங்கி, அமெரிக்காவிலை முதலாமிடத்துக்குக் கொண்டுபோட்டினம்.

மருமகன்: முறைப்பாடு வந்தால் மீளாய்வு செய்யிறது முறைதானே? பெடியனை ஒரு மனநல நிபுணரிட்டையும் காட்டியிருக்கலாம்.

மாமா: அதுவும் உதிலை இருக்கு. மனநல வைத்தியர்மாரிட்டைக் கேட்டுத்தான் பறிச்சவை.

மருமகன்: பாத்தியளே? ஒழுங்காத்தான் செய்திருக்கினம்.

மாமா: 1972இலை பகிடிக்கு எழுதின பேப்பர் தம்பி. நீ அதுக்குள்ளை இருந்து எழும்பி வந்து என்ரை கதிரையிலை இருக்கிறாய்.

(தொலைக்காட்சியில் கோல். வீரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கையை எடுத்துவிட்டு நிற்கிறார்கள்.)

மருமகன்: கோல்! இல்லை, பொறுங்கோ. விஏஆரிலை, வீடியோ வைச்சுத் திரும்பப் பாக்கினம்.

மாமா: எத்தனை பக்கம்?

மருமகன்: பக்கமில்லை மாமா, கோடு. முன்னாலை நிண்டவன்ரை கமக்கட்டு கோட்டைத் தாண்டியிருக்கோ எண்டு பாக்கினம்.

மாமா: 2019இலை பிறிமியர் லீக்குக்கு உதைக் கொண்டுவரேக்கை, பளிச்செண்டு தெரியிற பிழையைத் திருத்த மட்டும்தான் எண்டவை. 2025 மார்ச்சிலை எஃப்.ஏ. கோப்பை ஆட்டம் ஒண்டிலை ஒரு கோலைச் சரிபாக்க எட்டு நிமிசமளவு எடுத்தவை. எட்டு நிமிசம் உத்து உத்துப் பாத்துக் கண்டுபிடிக்கிறது எப்பிடித் தம்பி பளிச்செண்டு தெரியிற பிழை?

மருமகன்: துல்லியம் முக்கியம் மாமா. வேறை இடத்திலை நேரத்தை மிச்சம் பிடிச்சிருக்கினமே. 2024–25இலை இருந்து எஃப்.ஏ. கோப்பை முதலாஞ் சுற்றுத் தொடக்கம் மறு ஆட்டமே இல்லை. சமன் எண்டால் அண்டைக்கே மேலதிக நேரம், அதிலையும் சமன் எண்டால் பெனால்டி.

மாமா: 1971 நவம்பரிலை அல்வ்சேர்ச், ஒக்ஸ்ஃபோர்ட் சிற்றி எண்டு ரெண்டு சின்னக் கழகங்கள். அதே கோப்பையின்ரை தகுதிச் சுற்று. சமன். திரும்ப ஆடினவை, சமன். திரும்பவும் சமன். ஆறு ஆட்டம், 11 மணித்தியாலம். ஆறாவதிலை அல்வ்சேர்ச் ஒரே ஒரு கோலாலை வெண்டுது.

மருமகன்: பதினொரு மணித்தியாலமோ! எவ்வளவு வீண்.

மாமா: என்ன வீண்? அவ்வளவு நேரமும் பந்து உருண்டது. இஞ்சை பார், பதினொரு பேர் இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு ஆகாயம் பாக்கிறாங்கள். ஆடுற நேரத்தை வெட்டி, ஆடாமல் நிக்கிற நேரத்துக்குக் குடுத்திருக்கிறியள்.

மருமகன்: உங்களுக்கு எல்லாத்திலையும் நீளம்தான் பிரச்சினை.

மாமா: என்ரை முழங்காலைக் கேள். 18 கிழமைக்குள்ளை சிகிச்சை தொடங்கவேணும் எண்டு இங்கிலாந்திலை ஒரு இலக்கு இருக்கு. 2016க்குப் பிறகு அதை எட்டினது கிடையாது. நாடு முழுக்க ஒரு முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்குது.

மருமகன்: ஆனால் உங்களுக்குக் குறுஞ்செய்தி வந்திருக்குமே? உங்கள் காத்திருப்பு எங்களுக்கு முக்கியம் எண்டு.

மாமா: உடனை வந்தது. ஒரு செக்கன் பிந்தேல்லை. இந்த நாட்டிலை அதைவிடக் கெதியாய் நடக்கிற வேலை ஒண்டும் இல்லை.

மருமகன்: நீங்கள் குறையை மட்டும் பாக்கிறியள். நகரம் எவ்வளவு முன்னேறியிருக்கு! உங்கடை பிங்க் ஃபுளோய்ட் குழு பண்டிப் பலூன் பறக்கவிட்ட பேட்டர்ஸி மின்நிலையத்தைப் போய்ப் பாத்தியளே?

மாமா: 1976 டிசம்பரிலை 'அனிமல்ஸ்' றெக்கோட் அட்டைக்குப் படம் எடுக்கப் பறக்கவிட்டது. கயிறு அறுந்து, விமானங்களையும் வெருட்டிப்போட்டுக் கென்ற் பக்கம் ஒரு தோட்டத்திலை போய் விழுந்தது.

மருமகன்: ஆபத்து மதிப்பீடு செய்யேல்லையோ?

மாமா: முதல் நாள், அறுந்தால் சுட்டு விழுத்த ஒரு ஆளை வைச்சவை. அண்டைக்கு அறுகேல்லை. அறுந்த நாள் அந்த ஆளைக் கூப்பிடேல்லை. இந்த ஒரு விசயத்திலை அவையும் நகரசபை மாதிரித்தான்.

மருமகன்: இப்ப அங்கை கடையள், மாடி வீடுகள். 2022இலை திறந்தது. மீளுருவாக்கம் எண்டால் அதுதான் மாமா!

மாமா: பண்டி ஒருநாள்தான் கைக்கெட்டாமல் போனது. வீடு ஒவ்வொரு நாளும் போகுது. உன்ரை சம்பளத்துக்கு அங்கை ஒரு குளியலறை வருமோ?

மருமகன்: குறைபாடுகள் இருக்கலாம். பாடம் படிப்பம் மாமா. எங்கடை எல்லா அறிக்கையும் அந்த வசனத்தோடைதான் முடியும்.

மாமா: (றெக்கோட்டை நிறுத்துகிறார்.) திருப்பிச் சொல்லு.

மருமகன்: பாடம் படிப்பம்...

மாமா: பிங்க் ஃபுளோய்ட் 1971இலை போட்ட 'மெடில்' றெக்கோட்டிலை 'ஃபியர்லெஸ்' எண்டு ஒரு பாட்டு. அதுக்குள்ளை லிவர்பூல் மைதானத்துக் கோப் பக்கத்திலை நிண்டு சனம் பாடுற குரலைச் சேர்த்திருப்பினம். அதைக் கேட்டால் இப்ப எனக்கு நெஞ்சு அடைக்கும்.

மருமகன்: ஏன் மாமா?

மாமா: 1989 ஏப்ரல் 15. ஹில்ஸ்பரோ மைதானம். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரச் சனம் ஒரு அரையிறுதி ஆட்டம் பாக்கப் போனது. அங்கை நடந்த நெரிசல் கொண்டுபோனது 97 பேரை. எல்லாருக்கும் இளையவனுக்கு வயசு பத்து. பந்து பாக்கப் போன பிள்ளை! செத்தவை சட்டவிரோதமாக் கொல்லப்பட்டவை, ரசிகரிலை பிழையில்லை எண்டு ஜூரி சொன்னது எந்த வருசம் தெரியுமோ? 2016. இருபத்தேழு வருசம்! அதுக்கிடையிலை அந்தத் தாய்மார் எத்தனை பக்கம் வாசிச்சிருப்பினம்? எத்தனை தரம் இந்தப் 'பாடம் படிப்பம்' கேட்டிருப்பினம்? உயிரோடை இருந்திருந்தால் அந்தப் பெடியனுக்கு அப்ப 37 வயசு. தன்ரை பெடியனைத் தோளிலை வைச்சு ஆட்டம் காட்டியிருப்பான். பாடம் படிக்கிறம், படிக்கிறம் எண்டு முழங்கிக்கொண்டே இருக்கிறாங்கள். ஒருத்தனும் சோதினை எழுதினதாக் காணேல்லை!

(சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.)

மருமகன்: நீங்கள் சொல்லுறது சரி மாமா. அறிக்கையிலை அந்த வசனத்தை மாத்துறன்.

மாமா: என்னெண்டு?

மருமகன்: 'பாடங்களை ஆழமாகப் படிப்போம்.'

மாமா: (நெற்றியில் அடித்துக்கொள்கிறார்.) இப்ப என்ன அறிக்கை எழுதுறாய்?

மருமகன்: 'விளையாட்டை மீட்டெடுப்போம்.' பெடியள் வீட்டை விட்டு வெளியிலை வாறதில்லை. ஏனெண்டு கண்டறியிற திட்டம். இந்தா, அட்டைப்படம். மேலதிகாரிமார் எல்லாரும் கழுத்துப்பட்டியோடை ஓட்டச் சப்பாத்தும் போட்டு, ஒரு பந்தைச் சுத்தி நிக்கினம். வடிவா இல்லையே?

மாமா: பின்சுவரிலை ஒரு பலகையின்ரை கீழ்ப்பாதி தெரியுது. மேல்பாதி எங்கை?

மருமகன்: அது... அட்டை அளவுக்கு வெட்டினது.

மாமா: பலகையிலை என்ன எழுதியிருக்கு?

மருமகன்: (எச்சில் விழுங்கி) 'இங்கே பந்து விளையாடக் கூடாது.'

மாமா: பந்து விளையாடக் கூடாது எண்ட பலகைக்குக் கீழை நிண்டு, பெடியள் ஏன் விளையாடுறதில்லை எண்டு ஆராய்ச்சி!

மருமகன்: பலகைப் பிரிவு வேறை, விளையாட்டுப் பிரிவு வேறை மாமா. ரெண்டு பேருக்கும் இடையிலை ஒரு கூட்டம் வைக்க இருக்கிறம்.

மாமா: நான் இந்த நாட்டுக்கு வந்து எழுத்துக்கூட்டி வாசிச்ச முதல் இங்கிலீஸ் உந்தப் பலகைதான். எங்கடை குடியிருப்புச் சுவரிலையும் இருந்தது. பலகையைத்தான் கோலா வைச்சனாங்கள். நடுவிலை பட்டால் ரெண்டு கோல். காவலாளி கலைக்க ஓடுவம், அவர் உள்ளுக்குப் போக வருவம். யூன் மாதத்திலை ஒம்பது மணி மட்டும் வெளிச்சம். இருபது பேர் தொடங்கி, அஞ்சு பேர் மிஞ்சும் மட்டும் ஒரே ஆட்டம். எத்தனைக்கு எத்தனை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இடைவேளை இல்லை, மீளாய்வு இல்லை. அம்மா யன்னலாலை கத்திறதுதான் கடைசி விசில்.

மருமகன்: பாதுகாப்பு ஏற்பாடு?

மாமா: முழங்கால் தேஞ்சது. அதுக்குத்தான் இப்ப குறுஞ்செய்தி வருது.

மருமகன்: இதை 'மூத்த குடியிருப்பாளரின் அனுபவம்' எண்டு ஒரு பெட்டிக்குள்ளை போடட்டோ? அறுபது சொல்லுக்கு மேலை போகக் கூடாது.

மாமா: பாத்தியோ! நீள வேண்டியது பெடியளின்ரை பின்னேரம். அதை வெட்டி வெட்டிக் கைக்குள்ளை அடங்கிற வீடியோவா ஆக்கிப்போட்டியள். கெதியா முடிய வேண்டியது விசாரணை, வைத்தியம், ஒரு கோலுக்குத் தீர்ப்பு. அதையெல்லாம் வருசக்கணக்கா இழுக்கிறியள். பேந்து பெடியளுக்குப் பொறுமையில்லை எண்டு 412 பக்கம்.

மருமகன்: சரி மாமா, நீங்களே சொல்லுங்கோ. என்ன பரிந்துரை எழுத?

மாமா: எழுதாதை. ஒரு ஏணி, ஒரு ஸ்குரூ ட்றைவர். நாலு ஆணியைக் கழட்டினால் பலகை கையிலை. சின்னப் பாட்டு ஒண்டு முடிய முந்தி வேலை முடிஞ்சிடும்.

மருமகன்: ஏணியிலை ஏற ஆபத்து மதிப்பீடு வேணும். அதுக்கு ஒரு துணைக்குழு. குழுவுக்குத் தலைவர். தலைவரைத் தெரிய ஒரு கூட்டம்...

மாமா: சான்ட்விச் இருக்குமோ?

மருமகன்: கட்டாயம்.

மாமா: நீ அங்கை இருந்து சாப்பிடு. நான் கராஜிலை ஏணியை எடுக்கிறன்.

மருமகன்: ஐயோ மாமா! நகரசபைச் சொத்து. கழட்டினால் முறைப்பாடு வரும்!

மாமா: வரட்டும். நீங்கள் மீளாய்வு செய்து முடிக்க எப்பிடியும் பத்துப் பதினஞ்சு வருசம் செல்லும். அதுக்கிடையிலை பெடியள் ஆசைதீர விளையாடி முடிச்சிடுவாங்கள்.