டீக்கடை உரிமமும் சற்காரியவாதமும்

வித்து முந்தியா, மரம் முந்தியா என்ற வழக்கைத் தத்துவ நூலார் இன்னும் முடித்துவைக்கவில்லை. அவர்கள் அவகாசம் எடுத்துக்கொள்ளட்டும். வித்தும் மரமும் யாருக்கும் வாடகை கொடுப்பதில்லை. அட்வான்ஸ் கொடுத்து இடம் பிடித்தவரை வாட்டும் கேள்வி வேறு: கடை முந்தியா, உரிமம் முந்தியா? தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தைக் கேட்டால், உரிமம் இல்லாமல் தொழில் நடத்தக் கூடாது என்கிறது. உரிமம் கேட்டுப் போனாலோ, ஆய்வாளர் வந்து கடையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். உரிமம் இல்லையேல் கடை இல்லை; கடை இல்லையேல் பார்வையிட ஏதுமில்லை; பார்வையிடாமல் உரிமம் இல்லை. ஒன்றையொன்று பற்றி நிற்கும் இக்குற்றத்தைத் தருக்க நூலார் அன்னியோன்னியாசிரயம் என்பர். விண்ணப்பதாரர் அதையே ‘நாளைக்கு வாங்க’ என்பார். இச்சிக்கலில் கடையே முந்தியது, உரிமம் பிந்தியது என்பதும், அதற்குச் சட்டமே சாட்சி என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வாளர் வரும் நாளில் அங்கே இருப்பது என்ன? பாய்லர் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, கண்ணாடி டம்ளர்கள் கவிழ்ந்திருக்கின்றன, பத்தொன்பது கிலோ வணிக சிலிண்டர் மூலையில் நிற்கிறது, பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் கோப்பில் இருக்கிறது. இல்லாதது டீ ஒன்றுதான். இதைக் கடை என்பதா, கடை அல்லாதது என்பதா? சைவ சித்தாந்தம் கொள்ளும் சற்காரியவாதம் இங்கே கைகொடுக்கிறது. காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது. குடம் களிமண்ணில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதுபோல டீக்கடை பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. கடை அப்போது இல்லவே இல்லை என்று வாதிடுவோர், அதற்கு வாடகை ஓடிக்கொண்டிருப்பதை எவ்வாறு விளக்குவர்? இல்பொருளுக்கு வாடகை வாங்கும் வீட்டுக்காரரை எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. சட்டமும் இந்நிலைக்கு விலக்கன்று. மேற்சொன்ன உள்ளாட்சிச் சட்டம் 1998-ல் இயற்றப்பட்டு, நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. இருந்தும் இயங்காமல் இருப்பது எப்படி என்பதை டீக்கடைக்குக் கற்றுக்கொடுத்த ஆசான் அச்சட்டமே.

பழஞ்சான்றும் இதற்கு அரண் செய்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத் துறையில் பண்டப் பொதிகள் மேல் சோழனின் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. முதலில் பொதி, பிறகு முத்திரை; முத்திரையை வாங்கிவந்து மிளகு விளைவித்தவர் எவருமில்லை. இக்காலச் சான்று இன்னும் வலியது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிமுறை, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு கடைகளுக்கு உரிமம் வேண்டாம், ஆண்டுக்கு 100 ரூபாயில் பதிவு போதும் என்றது. ஏழு நாளுக்குள் பதிவு தரப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை, ஆய்வுக்கு உத்தரவும் இல்லை என்றாலோ, முப்பது நாளுக்குள் முடிவே தெரிவிக்கப்படவில்லை என்றாலோ, கடைக்காரர் தொழிலைத் தொடங்கலாம் என்றும் சொன்னது. மௌனம் சம்மதம் என்ற பழமொழி அரசாணையின் தகுதி பெற்ற இடம் இது. பதிவு எண் கைக்கு வருமுன்பே கடை நடக்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட பிறகு, கடை முந்தியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனித் தடைகள். பால் காய்ச்சும் நாளில் இலவசமாகத்தானே டீ கொடுக்கிறார்கள், அது வியாபாரமாகாது, ஆகவே கடை இன்னும் பிறக்கவில்லை என்பார் ஒரு சாரார். அற்றன்று, இலாப நோக்கு இருப்பினும் இல்லாவிடினும் உணவுத் தொழில் உணவுத் தொழிலே என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறை. ஓசி டீயும் சட்டத்தின் முன் டீயே. எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதால் இச்சிக்கல் தீர்ந்தது என்பார் வேறொரு சாரார். ஆன்லைனில் ஏற்ற வேண்டிய தாள்களை ஸ்கேன் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும். அந்தக் கடையும் ஒரு தொழில், அதற்கும் ஒரு விண்ணப்பம், அவ்விண்ணப்பத்துக்கும் நகல்கள். முதல் ஜெராக்ஸ் கடையின் நகல்களை எடுத்துக்கொடுத்தது எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டே போனால் அனவத்தை என்னும் முடிவிலாக் குற்றம் நேரும். எனவே எங்கோ ஒரு கடை உரிமத்துக்கு முந்தி இருந்தே தீர வேண்டும்.

புறந்தள்ள முடியாத தடை மூன்றாவது: முன்கூட்டிப் பார்க்காமல் விட்டால் மக்கள் நலம் கெடாதா? வடிகால் உண்டா, குழாயில் தண்ணீர் வருகிறதா, அடுப்புக்கு மேல் புகைபோக்கி இருக்கிறதா என்பவற்றைத் திறக்குமுன் பார்ப்பது நியாயமே. ஆனால் ஒரு டீக்கடையின் சுகாதாரம் அதன் சுவரில் மட்டும் இல்லை. மாலை ஆறு மணிக் கூட்டத்தில் டம்ளர் எந்தத் தண்ணீரில், எத்தனையாவது முறையாக முக்கி எடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. யாரும் வாய் வைக்காத டம்ளரைப் பார்த்துக் கொடுத்த சான்று டம்ளருக்குத்தான் பொருந்தும், கடைக்குப் பொருந்தாது. ஆகவே மக்கள் நலத்தை முன்னிட்டு எழும் இத்தடையும் ஆராய்ந்து பார்த்தால் நம் கட்சிக்கே வலுச்சேர்க்கிறது: கடை நடந்தால்தான் ஆய்வு நடக்கும்.

பிள்ளை பிறந்தால் இருபத்தொரு நாளுக்குள் பதிவு செய்யச் சொல்லும் நாடு, சான்றிதழ் வரும்வரை அழக் கூடாது என்று பிள்ளைக்கு உத்தரவிடுவதில்லை. சிறு கடைக்கும் அந்த முறையே தகும்: விண்ணப்பித்த கையோடு ஷட்டரை முழுதாக ஏற்ற விடுங்கள்; ஆய்வாளர் கூட்ட நேரத்தில் சொல்லாமல் வரட்டும்; குறை கண்டால் மூடட்டும். வந்தவர் ஒரு டீயும் குடித்துப் பார்க்கலாம், காசு கொடுத்து.