தீபத்துக்குள் தேக்குத் தரை போடுவது எப்படி?

மலையே கல்லாக நிற்கிற ஊர் திருவண்ணாமலை. அங்கே வீட்டைக் கட்டிவிட்டு, கடப்பாக் கல்லோ டைல்ஸோ போதும் என்றிருப்பவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஹாலில் தேக்குப் பலகை பதித்தே தீருவேன் என்பவர்கள் மட்டும் வாருங்கள். பாதி வேலையை ஏற்கெனவே கெடுத்து வைத்திருப்பீர்கள். மீதியை முறையாகக் கெடுத்துவிடலாம்.

1. நாள் குறியுங்கள். தளத்தின் ஈரத்தைப் பார்த்தல்ல, பஞ்சாங்கத்தைப் பார்த்து. ஐப்பசியில் கிரகப்பிரவேசம், கார்த்திகை தீபத்துக்குச் சொந்தக்காரர்கள். அடைமழையில் பலகை லாரி வந்து நின்றால் ஆரம்பம் அமோகம்.

2. காங்கிரீட் தளம் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. நாலு அங்குலத்துக்கு நாலு மாதம். அதெல்லாம் யாருக்கு முடியும்? கட்டைவிரலால் தொட்டுப் பாருங்கள், போதும். மண்ணிலிருந்து தளத்துக்குள் ஈரம் ஏறும் என்று எவராவது இழுத்தால், “இது அக்னித் தலம் சார், ஈரம் எங்கேர்ந்து வரும்?” என்று மேஸ்திரியே அடித்துச் சொல்வார். நம்புங்கள்.

3. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, மறுநாள் தூக்கிப் பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. தாளின் அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை என்று அர்த்தம். வேண்டாத வேலை. தெரியாமல் செய்துவிட்டீர்களா? முத்துகளைத் துண்டால் துடைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

4. ஈரத் தடுப்புக்கு கனமான பாலிதீன் விரிப்பு வாங்காதீர்கள். காலி சிமெண்டு மூட்டைகள் எதற்கு இருக்கின்றன?

5. ரசமட்டத்தைப் பைக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். பள்ளத்தின் மேல் பதிந்த பலகை நடக்க நடக்கக் கிறீச்சிடும். திருடன் வந்தால் தெரியும்.

6. பலகைக் கட்டைப் பிரித்து அறையிலேயே சில நாள் கிடத்தினால் மரம் அந்தக் காற்றுக்குப் பழகும். நீங்கள் லாரியிலிருந்து இறக்கிய கையோடு பதியுங்கள். சுவரோரம் அரை அங்குலம் விடுகிறேன் என்பார் ஆசாரி. ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும் என்று தெரிந்தே, “சந்து தெரியக் கூடாது” என்று மிரட்டுங்கள். ஈரம் குடித்து ஊதும் மரத்துக்குப் பக்கவாட்டில் போக வழியில்லாவிட்டால் மேலே கிளம்பும். ஹாலின் நடுவே குட்டி மலை ஒன்று எழுந்துவிடும். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வரும் சொந்தக்காரர்கள் அதையும் ஒரு சுற்று வந்துவிடலாம்.

7. கிரகப்பிரவேசத்தன்று பசுவையும் கன்றையும் ஹால் நடுவில் நிறுத்துங்கள். பசு நனைத்தால் சகுனம் என்று பெரியவர்கள் பூரிப்பார்கள். அந்த நேரத்தில் துணியோடு ஓடினால் வீட்டுப் பொல்லாப்பு. ஈரம் பலகை இடுக்கில் இறங்கும்வரை கைகூப்பி நில்லுங்கள். அடுத்து ஹோமம். செங்கல்லுக்குக் கீழே பரப்பும் மணலில் சிக்கனம் காட்டினால், பாலிஷில் கறுப்புச் சதுரம் நிரந்தரமாக விழும். தீபத்தன்று அகல்களைத் தட்டில்லாமல் வெறும் பலகையில் வரிசையாக வையுங்கள். மற்ற நாட்களில், வாளித் தண்ணீரில் ஃபினாயில் ஊற்றி, பிழியாத துணியால் காலை மாலை துடைக்கச் சொல்லுங்கள்.

மார்கழிக்குள் ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி, நடு பள்ளமாகும். காயட்டும் என்று பொறுக்கக் கூடாது. உடனே மெஷின் வைத்து ஓரங்களைத் தேய்த்துச் சமமாக்குங்கள். சித்திரை வெயிலில் ஈரம் வற்றியதும், தேய்ந்த ஓரம் தாழ்ந்து நடு மேடாகும். மறுபடி தேயுங்கள். பலகைக்குப் பலகை திறந்த சந்தில் விபூதி, அரிசி, கம்மல் திருகு எல்லாம் போய்ச் சேரும். ஆணித் தலை தெரிய ஆரம்பித்ததும் தேய்ப்பதை நிறுத்தி, வார்னிஷ் ஒரு கை அடித்து, மேலே ஜமுக்காளத்தை விரித்துவிடுங்கள்.