நிச்சயம் ஆயிற்று, முகூர்த்தம் எப்போது?

கேள்வி: பொறியியல் இறுதி ஆண்டு படிக்கும் என் மகனுக்கு, கேம்பஸ் இன்டர்வியூவிலேயே ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. இனி நான் நிம்மதியாக இருக்கலாமா?
— ஒரு தகப்பன், ஈரோடு

பதில்: தாராளமாக இருக்கலாம், ஆனால் அந்த நிம்மதி முழுவதையும் ஆஃபர் லெட்டர் வந்த தினத்திலேயே செலவழித்துவிடாமல், வேலையில் சேரும் தினத்துக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பது விவேகம். பத்தாம் வகுப்பு முதல் கல்லூரிவரை மார்க் நூற்றுக்கு 60-க்குக் குறையாமல் இருக்கிறதா, அரியர் என்னும் தோஷம் ஏதேனும் உண்டா என்று ஜாதகம் பார்த்து, ஆப்டிட்யூட், கோடிங் முதலிய பரீட்சைகளையும் வைத்துப் பிள்ளைகளை நிச்சயம் செய்துகொண்ட சில பெரிய கம்பெனிகள், முகூர்த்தத் தேதியை மட்டும் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தமையால், 2022-ஆம் வருஷத்துப் பட்டதாரிகளிற் பலர் மாலையும் கையுமாக மாதக்கணக்கிலும், சிலர் வருஷக்கணக்கிலும் காத்து நின்ற வைபவத்தைத் தேசமே அறியும்.

கேள்வி: சம்பளம் வருஷத்துக்கு மூன்றரை லட்சம் என்கிறார்களே?
— அதே தகப்பன்

பதில்: ஒரு வியாழவட்டத்துக்கு முன்பும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள். வீட்டு வாடகை, கல்லூரிக் கட்டணம், காய்கறி விலை ஆகிய சகல வஸ்துக்களும் உயர்ந்து போகும் இந்தச் சஞ்சலமான உலகத்தில், புதிதாய்ச் சேரும் எஞ்சினீயரின் சம்பளம் ஒன்றே உயர்வு தாழ்வுகளால் பாதிக்கப்படாத ஸ்திதப்பிரக்ஞ நிலையை எய்தியிருக்கிறது. அந்தத் தொகையும் சி.டி.சி. என்னும் பெரிய கணக்கு. கம்பெனி செலுத்தும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். ஆகையால், மகனிடம் ‘எத்தனை லட்சம்?’ என்று கேட்காமல், ‘கையில் எவ்வளவு, எந்த மாதம் முதல்?’ என்று கேளுங்கள்.