சூனியக்காரியிடம் வேலை பார்க்கும் பூனைகள்

சூனியக்காரியும் பூனையும் இணைபிரியாத தோழர்கள் என்றுதான் ஊர் நம்புகிறது. சிறுவர் படக்கதைகளைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்தால் சங்கதி வேறு. அது முதலாளி–தொழிலாளி உறவு. சம்பளம் கிடையாது, இபிஎஃப் கிடையாது, சொக்சோவும் கிடையாது.

1987-இல் வந்த 'வின்னி த விட்ச்' புத்தகத்தையே எடுத்துக்கொள்ளலாம். வாலரி தாமஸ் எழுதி, கோர்க்கி பால் படம் வரைந்தது. வின்னியின் வீட்டில் தரை, நாற்காலி, கட்டில், குளிக்கும் தொட்டி எல்லாமே கறுப்பு. அவள் பூனை வில்பரும் கறுப்பு. அது கண்ணை மூடிவிட்டால் இருக்கும் இடமே தெரியாது. அம்மாள் வந்து அதன் மேலேயே உட்காருவாள். இல்லாவிட்டால் தடுக்கி விழுவாள். இதற்கு வின்னி கண்ட தீர்வு, பூனையைப் பச்சையாக்குவது. புல்தரையில் பச்சைப் பூனை தெரியுமா? அங்கேயும் இடறி விழுந்தாள். அடுத்து அதற்குப் பல வண்ணம் பூசினாள். பறவைகள்கூடச் சிரித்தன. வில்பர் மானம் போய் மரத்தில் ஏறிக்கொண்டது, இறங்கவே இல்லை. முருங்கை மரத்து வேதாளமாவது விக்கிரமாதித்தன் தோளில் ஏறி வரும், கதை சொல்லும். இது வாயே திறக்கவில்லை. முழு வேலைநிறுத்தம். கடைசியில் பூனை பழையபடி கறுப்பானது, வீடு மஞ்சளானது. முதல் நாளே வீட்டுக்குச் சாயம் அடித்திருந்தால் இவ்வளவு ரகளை இல்லை. எந்த முதலாளிக்கு அது தோன்றியிருக்கிறது!

கிள்ளானில் இந்தப் புத்தகம் ஒரு பாட்டியின் கையில் சிக்கியது. வாங்கி வந்தவர் மகன். கிள்ளான் பள்ளத்தாக்கில் 2009-இல் தொடங்கிய 'பிக் பேட் வோல்ஃப்' மலிவு விற்பனைக்குப் போய், ஓநாய்ச் சந்தையில் சூனியக்காரியை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பாட்டிக்கு வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் ஆகாது. திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்த பிறகுதான் மறுபடி கிளம்புவார். அன்றைக்குப் பேத்திக்குப் படித்துக் காட்டிய கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தார்.

"படத்துல இருக்குற பூனை எப்படிப் பாட்டி குறுக்க போகும்?"

"இந்தப் பக்கம் இருந்துச்சு, திருப்பினா அந்தப் பக்கம் இருக்குது. நடுவுல எப்படிப் போச்சாம்?"

பேத்தியிடம் பதில் இல்லை. சட்டக் கல்லூரியிலும் இருக்காது.

பாட்டிக்குத் தெரியாத ஒன்று உண்டு. கதைப் பூனைகளில் பல கறுப்பே இல்லை. 1972-இல் ஹெலன் நிக்கலும் யான் பியென்கோவ்ஸ்கியும் தொடங்கிய 'மெக் அண்ட் மோக்' வரிசையில் மோக் வரிப்பூனை. மெக் போடும் மந்திரம் ஒன்றும் உருப்படாது. அகப்படுவது பூனையும் ஆந்தையும்தான். ஜில் மர்ஃபியின் 'வொர்ஸ்ட் விட்ச்' (1974) மாணவிக்கும் வரிப்பூனைதான் வாய்க்கிறது. எல்லாருக்கும் கறுப்புக் குட்டி கொடுத்து முடித்து, மிச்சமிருந்ததை அவள் கையில் திணித்துவிட்டார்கள். பள்ளிச் சீருடை விற்கும் கடையில் கடைசியாகப் போய் நிற்பவர்களுக்கு அந்த வலி தெரியும்.

1999-இல் வந்த இன்னொரு கதையில் வின்னி துடைப்பத்தில் ஏறிப் பறந்து, வானத்தில் எதிர்ப்பட்டதிலெல்லாம் மோதுகிறாள். பார்த்தால், கோளாறு மந்திரத்தில் இல்லை, கண்ணில். கண்ணாடி போட்டதும் சரியாகிவிடுகிறது. அதே ஆண்டில்தான் கோலாலம்பூரில் 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தை அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். அவள் இந்தப் பக்கம் வராதது வில்பர் செய்த புண்ணியம்.

"நம்ம பேய்க்கெல்லாம் ஏன் பூனை இல்ல?" என்று பேத்தி கேட்டது நியாயமான கேள்வி. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே அடுப்பு மூட்டி, கூழ் காய்ச்சி, காளிக்குப் படைத்துவிட்டுப் பந்தி போட்டுக் குடிக்கின்றன. கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கள் தோற்றார்கள். அத்தனை பெரிய விருந்தில் ஒரு பூனையைக் காணோம். பழையனூர் நீலி ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வழக்காட வந்தவள். அவளுக்கும் பூனை வேண்டியிருக்கவில்லை. நம்மூர் மந்திரவாதியோ ஏழு கடல் தாண்டிக் கிளியிடம் உயிரைக் கொடுத்து வைப்பவன். பூனை வளர்த்தால் கிளி என்ன ஆவது?

ருசியப் பாட்டி பாபா யாகாதான் நமக்குக் கொஞ்சம் நெருக்கம். அவள் பறப்பது உரலில், தள்ளுவது உலக்கையால். அவளிடமிருந்து ஒரு சிறுமி தப்பிக்கும் கதையில் வழி சொல்லிக் கொடுப்பது வீட்டுப் பூனை. ஏன் துரோகம் செய்தாய் என்று கிழவி பாய்ந்தபோது பூனை கணக்கைப் பிரித்து வைத்தது: இத்தனை காலம் உழைத்தேன், நீ ஒரு எலும்புகூடப் போடவில்லை, அவள் கறியே கொடுத்தாள். தோட்டத் தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசியிருந்தால் கைதட்டல் நிற்க நேரமாகியிருக்கும்.

மலேசியாவில் சூனியக்காரிக்கு ஆள் தேடினால் விண்ணப்பிக்க வருவது ஓயேனாகத்தான் இருக்கும். ஆரஞ்சு நிறத் தெருப்பூனைகளுக்கு இங்கே அதுதான் பெயர், அடாவடிக்குப் பேர்போனவை. பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையொன்றில் மேசைக்கடியில் உட்கார்ந்திருக்கும் ஓயேனுக்குப் பேத்தி சோறு போட்டுப் பார்த்தாள். அது சோற்றை முகர்ந்தது, அவளைப் பார்த்தது, பிறகு அப்பாவின் இலையில் இருந்த மீன் துண்டைப் பார்த்தது. அப்பா பேசாமல் மீனை எடுத்துக் கீழே வைத்தார்.

அன்று இரவு பேத்தி சொந்தமாக ஒரு படக்கதை வரைந்தாள். அதில் துடைப்பம் சூனியக்காரியின் கையில் இருக்கிறது, வீடு கூட்டிக்கொண்டிருக்கிறாள். ஓயேன் மின்விசிறிக்கு நேர் கீழே சோபாவில் மல்லாந்து படுத்திருக்கிறது. "இதுல யார் முதலாளி?" என்று கேட்ட பாட்டியைப் பேத்தி பரிதாபமாகப் பார்த்தாள்.