ராமேஸ்வரம் போய் நண்பனைத் தலைமுழுகுவது எப்படி?

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச், கல்லூரியில் ஒரே ஹாஸ்டல் அறை, இன்றைக்கும் ஒரே நெட்ஃபிளிக்ஸ் பாஸ்வேர்டு. இப்படி ஊறிப்போன நட்பை முறிப்பது லேசில்லை. கடன் கொடுத்துப் பார்க்கலாம், கூட்டுத்தொழில் தொடங்கிப் பார்க்கலாம். ஆனால் அதற்கெல்லாம் வருஷக்கணக்கில் ஆகும். சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு ராமநாதபுரம் கடற்கரைக்குக் கிளம்புங்கள். வெயில், உப்புக்காற்று, மணல், பஸ்ஸுக்குக் காத்திருப்பு என்று தேவையான எல்லாமே அங்கே தாராளமாகக் கிடைக்கும்.

கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் முறையாகச் செய்தால் போதும்.

1. எதையும் பேசி முடிவெடுக்காதீர்கள்

"எங்கெல்லாம் போகலாம்?" என்று அவன் கேட்டால், "எங்கன்னாலும் ஓகே மாப்ள" என்று சொல்லுங்கள். பெருந்தன்மையாகவும் தெரியும், பிற்பாடு குறை சொல்ல வசதியாகவும் இருக்கும். உங்களுக்குக் கடலில் கால் நனைத்தபடி சும்மா உட்கார்ந்திருக்க ஆசை. அவனுக்கோ அம்மா நேர்ந்துகொண்டபடி ராமநாதசுவாமி கோயிலில் தீர்த்தமாட வேண்டும். ஒரே நாளில் இரண்டும் முடியும். ஆனால் அதற்கு இரண்டு பேரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள்.

2. நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

ஆடி அமாவாசை உத்தமம், தை அமாவாசை மத்திமம். முன்னோருக்குத் திதி கொடுக்க ஊர் ஊராக ஜனம் வந்து இறங்கும் நாட்கள் இவை. ரூம் புக் பண்ண வேண்டாம், "போய்ப் பாத்துக்கலாம்." விடியற்காலையில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கும்போது, "நீ புக் பண்ணிருப்பேன்னு நெனச்சேன்" என்று ஆரம்பியுங்கள்.

அமாவாசை தவறிப்போனால் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14-க்குள் போங்கள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் அந்த 61 நாளும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதுதான் வஞ்சிரம் வறுவல் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டும். நாட்டுப்படகில் வந்த மீன் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வார். முகத்தைச் சுளியுங்கள், கடைக்காரரைப் பார்த்து இல்லை, நண்பனைப் பார்த்து.

3. பையில் கனம் இருக்கட்டும், உபயோகம் வேண்டாம்

மூன்று ஜீன்ஸ், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், படிக்கப் போவதில்லை என்று உங்களுக்கே தெரிந்த இரண்டு தடிப் புத்தகங்கள். தண்ணீர்ப் பாட்டில், தொப்பி, துண்டு, பவர் பேங்க் எதையும் எடுக்காதீர்கள். அதெல்லாம் அவன் பையில் இருக்கிறது. கேட்டு வாங்குவது அநாகரிகம், நேராகக் கையை விட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பாம்பனில் அவனை எழுப்பாதீர்கள்

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்ந்துவிட்டது. 2025 ஏப்ரல் 6 முதல் பக்கத்திலேயே புதுப் பாலம். கப்பல் வந்தால் அதன் 72.5 மீட்டர் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். சின்ன வயசிலிருந்தே இந்த வழியாக ரயிலில் போக வேண்டும் என்பது அவன் ஆசை. "நீ தூங்கு மாப்ள, பாலம் வந்தா எழுப்புறேன்" என்று வாக்குக் கொடுங்கள். பாலம் வந்ததும் வாசலுக்குப் போய்த் தனியாக நின்று வீடியோ எடுங்கள். ராமேஸ்வரம் ஸ்டேஷனில் அவன் கண்விழித்ததும் அந்த வீடியோவைக் காட்டி, "எவ்ளோ எழுப்பினேன் தெரியுமா?" என்று கேளுங்கள்.

பைக்கில் வருகிறவர்கள் மனம் தளர வேண்டாம். 1988-இல் திறந்த சாலைப் பாலம் உங்களுக்காகவே இருக்கிறது. நட்ட நடுவில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுங்கள். பின்னால் வரிசைகட்டும் பஸ்களின் வசவுகள் அவன் காதில் விழட்டும். வண்டி ஓட்டுவது அவன்தானே.

5. கோவாவைத் தேடுங்கள்

ராமேஸ்வரம் யாத்ரீகர்களையும் மீன்பிடிப்பையும் நம்பிப் பிழைக்கும் ஊர். இதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். "பீச் டவுன்னா ஒரு வைப் இருக்கணும்" என்று ஒவ்வொரு தெருமுனையிலும் சொல்லுங்கள். அக்னி தீர்த்தக் கடல் குளம் மாதிரி அலையில்லாமல் கிடக்கும். அதைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு கடலா?" என்று கேளுங்கள். அப்பாவுக்குப் பிண்டம் கரைக்க ஈர வேட்டியோடு நிற்பவருக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை ஆன் செய்யுங்கள். பீர் எங்கே கிடைக்கும் என்று சத்தமாக விசாரியுங்கள். நண்பன் இரண்டடி தள்ளி நின்று, உங்களைத் தெரியாதவன்போல் வேறு பக்கம் பார்ப்பான். நல்ல முன்னேற்றம். தொடருங்கள்.

6. லாட்ஜ் சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்

கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணறு கிணறாக வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். முடித்து வருகிறவன் தொப்பலாக நனைந்திருப்பான். ஈர உடுப்போடு சன்னதிக்குப் போக முடியாது. மாற்றுத்துணி லாட்ஜில், சாவி உங்களிடம். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை என்பதால் அவன் உங்களைக் கூப்பிடவும் வழியில்லை. நீங்கள் மூன்றாம் பிராகாரத்தில் நிதானமாக நடந்துகொண்டிருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் இருக்கின்றன. அவசரப்படாமல் எண்ணுங்கள்.

அவன் நடுங்கிக்கொண்டு உங்களைக் கண்டுபிடிக்கும்போது சொல்ல வேண்டியது: "நான் வேண்டாம்னு அப்பவே நெனச்சேன்."

7. கணக்கை மனதிலேயே எழுதுங்கள்

ஆட்டோவுக்கு அவன் கொடுத்தான், ரூமுக்கும் அவன்தான், சாப்பாட்டுக்கும் அவன்தான். நீங்கள் இரண்டு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த டீயை மறக்காதீர்கள். "ஜிபே பண்ணிடுறேன்" என்று வேளைக்கொரு தரம் சொல்லுங்கள். சொல்லும்போது நெட்வொர்க் கிடைக்காத இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

பேரம் பேசுவதில் மட்டும் கில்லாடியாக இருங்கள். லாட்ஜ்காரர் சொன்ன வாடகைக்கு மறுபேச்சு வேண்டாம். சாலையோரம் நுங்கு வெட்டித் தருகிற அம்மாவிடம் பத்து ரூபாய்க்குப் பத்து நிமிஷம் மல்லுக்கட்டுங்கள். அவன் தலைகுனிந்து முழுப்பணத்தையும் கொடுப்பான். அதுவும் அவன் கணக்கிலேயே சேரட்டும்.

8. தனுஷ்கோடிக்கு உச்சி வெயிலில் போங்கள்

காலையில் போனால் வெயில் தாழ்ந்திருக்கும். பனிக்காலமாக இருந்தால் பூநாரைகளைக்கூடப் பார்க்கலாம். அதனால் பன்னிரண்டு மணிவரை தூங்குங்கள். பிறகு பஸ்ஸிலிருந்து பழைய ஊரின் சிதிலங்களுக்குப் பக்கத்தில் இறங்கி, "அரிச்சல்முனைக்கு அஞ்சு கிலோமீட்டர்தான், நடந்துடலாம்" என்று அவனை இழுத்துக்கொண்டு புறப்படுங்கள். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும், அதற்கு மேல் மணலில் ஜீப்பும் வேனும்தான். 2017-இலிருந்து முனைவரை சாலை இருக்கிறது. சாலையில் நிழல்தான் இல்லை. இரண்டு பக்கமும் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை.

அவன் பாட்டில் தண்ணீரைக் காலி செய்ததும் மீனவர் குடிசைகள் பக்கம் பாருங்கள். கடலை ஒட்டிய மணலில் ஊற்றுத் தோண்டி, அதில் ஊறி வரும் நல்ல தண்ணீரை மொண்டு குடத்தில் சேர்ப்பார்கள். ஒரு வாய் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், ஆனால் நீங்கள் கேட்கக் கூடாது. ஊற்றில் இறங்கிக் கால் கழுவுங்கள். இந்த இடத்தில் அவன் முதல்முறையாக உங்கள் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான்.

9. இடிந்த தேவாலயத்தில் ஆடுங்கள்

1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைப் பெட்டிகளோடு அலை அடித்துப்போனது. அதில் வந்தவர்களில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போய்க்கொண்டிருந்த காலம் அந்த ராத்திரியோடு முடிந்தது. மிச்சமிருப்பவை சில சுவர்கள், தேவாலயத்தின் கூரையில்லாத கூடு, ஸ்டேஷனின் சிதிலம்.

லைட்டிங் பிரமாதமாக இருக்கும். சுவரில் ஏறி நின்று குத்துப்பாட்டுக்கு ரீல்ஸ் எடுங்கள். பவளப்பாறைக் கல்லை வைத்துக் கட்டிய சுவர், ஒன்றிரண்டு கல் பெயர்ந்தால் பெயரட்டும். உங்கள் பெயரையும் அவன் பெயரையும் கீறி நடுவில் ஒரு ஹார்ட் போடுங்கள். அவன் பெயரைப் பிறகு அழிக்க வேண்டியிருக்கும் என்பதால் சின்னதாகப் போடுங்கள்.

10. அரிச்சல்முனையில் நீந்தச் சொல்லுங்கள்

ஒரு பக்கம் அமைதியாகக் கிடப்பதைப் பெண்கடல் என்றும், மறுபக்கம் சீறுவதை ஆண்கடல் என்றும் ஊரில் சொல்வார்கள். இரண்டும் சேரும் முனையில் நீரோட்டம் எப்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. குளிக்கக் கூடாது என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். நண்பனுக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். "பயந்தாங்கொள்ளி" என்று நாலு பேர் முன்னால் சொல்லுங்கள், இறங்கிவிடுவான். இந்தப் படியைக் கச்சிதமாகச் செய்தால் மீதிப் படிகளுக்கு வேலையே இருக்காது.

அவன் புத்திசாலித்தனமாகக் கரையிலேயே நின்றுவிட்டால், மாலையில் போலீஸ்காரர்கள் எல்லோரையும் கிளப்பும்வரை செல்ஃபி எடுங்கள். கடைசி பஸ் போயிருக்கும். ஆட்டோவுக்கு அவனிடம் பணம் இருக்கிறது.

11. பவளத்தை வாங்கி அவன் பையில் வையுங்கள்

சங்கு, சிப்பி மாலைகளோடு துண்டுப் பவளத்தையும் யாராவது ரகசியமாக நீட்டினால் யோசிக்காமல் வாங்குங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இங்குள்ள பவளப்பாறைக்கும் கடலட்டைக்கும் உண்டு. வைத்திருப்பதே குற்றம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் வந்த வினை. இன்னும் 19 இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னால், அது அவன் பை.

12. மீதிக் கடற்கரையை அரை நாளில் முடியுங்கள்

அரியமானில் சவுக்குத் தோப்பு நிழல், ஆழமில்லாத கடல். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகங்கள். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு. கீழக்கரையில் பழைய பள்ளிவாசல். அரியமானில் ஒரு முழுப்பகல் சும்மா படுத்திருந்தாலே பயணத்தின் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஆகவே அங்கே இறங்காதீர்கள். எல்லா ஊரையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து, லிஸ்டில் டிக் அடித்து முடியுங்கள். "பசிக்குது மாப்ள" என்று அவன் சொன்னால், "அடுத்த ஊர்ல" என்று சொல்லுங்கள்.

13. திரும்பியதும் "சோலோ ட்ரிப்" என்று போடுங்கள்

படங்களிலிருந்து அவனை வெட்டிவிடுங்கள். தோளில் ஒரு கை மட்டும் மிஞ்சும், பரவாயில்லை. படத்துக்குக் கீழே, "சில பயணங்கள் நம்மை நமக்கே அறிமுகப்படுத்துகின்றன" என்று எழுதுங்கள். கையோடு அந்த இரண்டு டீ கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நீல டிக் விழும், பதில் வராது. வாழ்த்துகள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து, "உனக்கு அங்க என்ன பாக்கணும்? கையில எவ்ளோ இருக்கு?" என்று ஒருவரையொருவர் கேட்டுவிட்டால் மேலே சொன்ன எந்தப் படியும் பலிக்காது. ஊர்க்காரர்களிடமும் இறங்குமுன், தொடுமுன், எடுக்குமுன் கேட்கிற கெட்ட பழக்கம் உங்களைத் தொற்றிக்கொள்ளும். அப்படிப்பட்டவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படவில்லை. அவர்கள் அமாவாசை இல்லாத நாளாகப் பார்த்து, ரூமை முன்கூட்டியே புக் செய்து, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டிலோடு தனுஷ்கோடிக்குக் காலை பஸ்ஸைப் பிடிக்கட்டும்.